தமிழிலிருந்து தமிழுக்கு

பெனிஸ்டனுக்கு வாய் வேலை. தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் சிலர் தோளால் சம்பாதித்தார்கள், சிலர் கையால் சம்பாதித்தார்கள், ஏசி அறைக்குள் கண்ணை மூடிக்கொண்டு சம்பாதித்தவர்களும் உண்டு. பெனிஸ்டன் நாக்கால் சம்பாதித்தான். காற்றாலை இறக்கைகளைக் கப்பலில் ஏற்றிவிடும் ஒரு கம்பெனியில், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் மேற்பார்வையாளருக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் நடுவே நின்றுகொண்டு, இந்தப் பக்கம் வருகிற பேச்சை அந்தப் பக்கம் தள்ளிவிடுவது அவன் உத்தியோகம். விசிட்டிங் கார்டில் ‘லாங்குவேஜ் கோஆர்டினேட்டர்’ என்று போட்டிருந்தது. அவன் மனைவி ஜெப்ஸி அந்தக் கார்டில் ஒன்றைத் தன் கைப்பையில் வைத்திருந்தாள். கோயிலில் யாராவது “ஒங்க வீட்டுக்காரரு ஹார்பர்ல கிளார்க்குதான?” என்று கேட்டால், பதில் சொல்லாமல் கார்டை எடுத்து நீட்டுவாள்.

தள்ளிவிடுவது என்றால் அப்படியே தள்ளிவிடுவதல்ல. பெனிஸ்டனுக்கு அதில் ஒரு தொழில் ரகசியம் இருந்தது. டீ ஆற்றுகிறவன் மாதிரி, ஒரு பக்கம் கொதிக்கக் கொதிக்க வாங்கி, மறுபக்கம் குடிக்கிற பதத்தில் கொடுப்பான். ஆட்களின் மேஸ்திரி ஜேசுபாதம், கடற்கரையில் பிறந்து கடற்காற்றோடு சண்டை போட்டு வளர்ந்த தொண்டைக்காரர். அவர் இப்படி ஆரம்பிப்பார்:

“ஏலே பெனிஸ்டா, அந்தத் தடிமாட்டுப் பயகிட்ட சொல்லு. காத்து இந்த அடி அடிக்கையில எறக்கையத் தூக்குனா, எறக்கையோட சேந்து நாங்களும் கொழும்புல போயித்தான் எறங்கணும். இவன் அப்பன் வீட்டுக் கயிறாலே இது? புடிக்கது நாங்கல்லா!”

பெனிஸ்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு, காற்று சற்றே அதிகமாக இருப்பதாக ஆட்கள் அபிப்பிராயப்படுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்வான். மேற்பார்வையாளர் நைஜல் இரண்டே சொல்லில் எரிந்து விழுவார். அது தமிழுக்கு வரும்போது விருந்தாளியைப் போல நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரும்.

“அண்ணாச்சி, சாருக்கு ஒங்க மேல ரொம்ப மரியாத. இருந்தாலும் கப்பலு சாயங்காலம் கெளம்பணும்லா, கொஞ்சம் மனசு வைங்கன்னு கேக்காரு.”

“அப்படிக் கேக்கச் சொல்லு” என்று ஜேசுபாதம் கயிற்றைப் பிடிப்பார். இறக்கை ஏறிவிடும். இந்தத் துறைமுகத்தில் இதுவரை அடிதடி நடக்காமல் இருப்பதற்குக் காரணம் தன் மொழிபெயர்ப்பில் உள்ள பிழைகள்தான் என்று பெனிஸ்டன் நம்பினான். நம்புவதற்கு ஆதாரமும் இருந்தது.

பிறந்தது நாசரேத்தில். அப்பா உபதேசியார். அவர் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ண ஆரம்பித்தால், ஆமென் வருவதற்குள் சோறு ஆறிக் குழம்பில் ஏடு கட்டிவிடும். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தான். ஒவ்வொரு எழுத்தையும் இஸ்திரி போட்டு மடித்து வைத்த ஆங்கிலம் அது. அதை நம்பித்தான் டைப்பிஸ்ட் வேலையிலிருந்து இந்த வேலைக்குத் தாவினான். ஆனால் நைஜல், இங்கிலாந்தில் ஹல் என்கிற துறைமுக ஊர்க்காரர். ஐம்பது வயது, பெருத்த உடம்பு, தேங்காய் நாரைப் போன்ற தாடி. அவர் பேசுகிற ஆங்கிலத்தில் பாதி எழுத்துகள் வழியிலேயே இறங்கிக்கொள்ளும். முதல் சில மாதங்கள் பெனிஸ்டன் அவருடைய புருவத்தைப் பார்த்துத்தான் மொழிபெயர்த்தான். இது ஜெப்ஸிக்குக்கூடத் தெரியாது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது ஒரு சிரிப்பு.

ஒரு நாள் மதியம், ஜேசுபாதம் என்னவோ சொல்ல, கயிறு பிடித்த ஆட்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிச்சையா என்பவன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மேலே கிரேன் அறைக்குள் இருந்த காயல்பட்டினத்து நெய்னா காக்கா வாக்கிடாக்கியில் சிரித்தார். கரகரவென்று கப்பல் முழுக்கக் கேட்டது. நைஜல் திரும்பி, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டார்.

“அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், சார்” என்றான் பெனிஸ்டன்.

நைஜல் அவனையே பார்த்தார். போன வாரமும் இதையே சொன்னாய், என்றார். அதற்கு முந்தின வாரமும் இதையே சொன்னாய். இவ்வளவு சந்தோஷமான ஆட்களை நான் எங்கள் ஊர்க் கல்யாணத்தில்கூடக் கண்டதில்லை. நான் தமிழ் படிக்கப்போகிறேன்.

அன்று சாயங்காலமே மேனேஜர் சிவப்பிரகாஷ் அவனைக் கூப்பிட்டார். சிவப்பிரகாஷ் நல்லவர். கெட்ட செய்தியை முறுக்கு கொடுத்துவிட்டுத்தான் சொல்வார்.

“எடுத்துக்கோங்க பெனிஸ்டன். அது ஒண்ணுமில்ல. ஒங்க போஸ்ட் வருசா வருசம் ரினிவல்லா. இந்தத் தடவ ஹெட் ஆபீஸ்ல என்ன கேக்கான்னா, சைட்ல இருக்க வெள்ளக்காரரே எழுதிக் குடுக்கட்டும், டிரான்ஸ்லேட்டர் வேணுமா வேண்டாமான்னு. ஆடி முடியதுக்குள்ள எழுதணும். அவரு தமிழு படிக்கப் போறாராமே?”

பெனிஸ்டன் கடித்த முறுக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

துறைமுக கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து செல்போனைத் தேய்த்தான். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் படிக்கக் கஷ்டமான மொழிகள் எவை என்று தேடினான். அமெரிக்காவில் வெளிநாட்டுக்குப் போகும் அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக் கொடுக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்று, படிக்க ஆகும் காலத்தை வைத்து மொழிகளை வகை பிரித்திருந்தது. ஸ்பானிஷ், இத்தாலியன் எல்லாம் லேசு. தமிழ் கஷ்டமான வகையில் இருந்தது. மற்ற வேலையை எல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்து படித்தாலும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். பெனிஸ்டனுக்கு மூச்சு வந்தது. நைஜலுக்குக் கிடைப்பது தினமும் மதியம் அரைமணி நேரம். ‘டீ குடிச்சாச்சா’ என்று அவர் கேட்பதற்குள் பென்ஷன் வாங்கிவிடுவார்.

சந்தோஷத்தில் வாய்விட்டுப் படித்ததுதான் தப்பு. பக்கத்து பெஞ்சில் ஜேசுபாதம் இருந்தார்.

“கஷ்டமான வகைன்னா, நம்மதானலே முதல்ல?”

“இல்ல அண்ணாச்சி. நமக்கு மேல இன்னொரு வகை இருக்கு. ரொம்பக் கஷ்டமானது. சீனம், ஜப்பான், கொரியா, அப்புறம் அரபி.”



“அரபியா?” என்றார் ஜேசுபாதம். “நம்மள விட?”

நெய்னா காக்கா டீயை மெதுவாக உறிஞ்சினார். சவுதியில், தம்மாமில் பல வருஷம் கிரேன் ஓட்டியவர். அவர் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது. “அதான் எழுதியிருக்காம்லா மேஸ்திரி. அமெரிக்காக்காரன் சும்மாவா எழுதுவான்?”

“ஓய், நீரு அரபியில என்னத்தப் பேசுனீரு? கிரேனுக்கு மேல ஒத்தையில உக்காந்திருந்தவருதான நீரு?”

“ஒத்தையில இருந்தாலும் வாக்கிடாக்கி இருக்கும்லா.”

“ஏலே பெனிஸ்டா, அந்த அமெரிக்காக்காரனுக்கு ஒரு மெயிலு போடு. ஒரு தடவ தூத்துக்குடி மீன் ஏலத்துல வந்து நின்னு பாத்துட்டு எழுதச் சொல்லு. ஜப்பான்காரன் பாஷையாம்! அவன் குனிஞ்சு குனிஞ்சு கும்புட்டே பாதியச் சொல்லிருவான்.”

இந்த வழக்கு அன்று முடியவில்லை. தமிழை இரண்டாம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள் என்ற சேதி கேங் முழுக்கப் பரவி, இரண்டு நாள் எல்லோரும் கோபமாகவே கயிறு பிடித்தார்கள். பெனிஸ்டனுக்கு மட்டும் இரண்டாம் பெஞ்சே போதுமானதாக இருந்தது.

ஆனால் நைஜல் விடுகிற ஆளாகத் தெரியவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியத்தோடு டீக்கடைக்குப் போனார். “ஒரு டீ கொடுங்கள்” என்றார். கடைக்காரர் மகிழ்ந்து போய், “ஒன் டீ சார்? சுகர் சார்? சிட் சார்!” என்றார். முடிவெட்டும் கடையிலும் அதேதான். ஆட்டோவிலும் அதேதான். ஊரில் யாரும் அவருக்குத் தமிழைக் கொடுக்கத் தயாராக இல்லை. எல்லோரும் தங்களிடமிருந்த நாலு ஆங்கிலச் சொல்லைச் செலவழிக்கவே அவருக்காகக் காத்திருந்ததுபோல் இருந்தது. இது எந்தப் பட்டியலிலும் சொல்லாத கஷ்டம். நைஜல் கோபித்துக்கொண்டு ஒரு சட்டம் போட்டார். இனி ஆங்கிலத்தில் பேசுகிற தமிழன் யாரையும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். பெனிஸ்டன், நீயும்தான். கப்பல் கட்டி நிற்கிற ஜெட்டியில் தமிழ். சந்தேகம் கேட்க மட்டும் மதியம் ஆங்கிலம். உன்னால் முடியாவிட்டால் வேறு வாத்தியார் பார்க்கிறேன்.

வேறு வாத்தியார் என்றதும் பெனிஸ்டன் பதறி, “நானே சொல்லித் தாரேன் சார்” என்றான்.

அன்று ஸ்கூட்டரில் பிரையண்ட் நகர் வீட்டுக்குத் திரும்புகிற வழியில், உப்பளக் காற்று முகத்தில் அடிக்கையில், அந்த யோசனை வந்தது. பாவமான யோசனை என்று அவனுக்குத் தோன்றவில்லை. சொல்லிக் கொடுப்பதுதான் கொடுக்கிறோம், உயர்ந்ததாகக் கொடுப்போமே? அப்பாவின் தமிழ் இருக்கிறது. பிரசங்கத் தமிழ். இலக்கணம் வழுவாது, கொச்சை கிடையாது, எந்த மேடையிலும் நிற்கும். அதை ஜெட்டியில் பேசினால் ஒருத்தனுக்கும் ஒன்றும் விளங்காது. ‘என்னலே சொல்லுதாரு இவரு?’ என்று எல்லோரும் தன்னையே திரும்பிப் பார்ப்பார்கள். சுத்தத் தமிழ் சொல்லிக் கொடுத்தவனை யார் குற்றம் சொல்ல முடியும்?

கன்டெய்னரில் அமைத்த ஆபீஸில் பாடம் ஆரம்பமாயிற்று. ‘இங்கே வா’ என்பதற்கு “இவ்விடத்திற்கு வாரும்.” ‘சீக்கிரம்’ என்பதற்கு “தாமதியாமல்.” தண்ணீர் வேண்டுமென்றால் “பருகுவதற்குச் சிறிது தண்ணீர் தாரும்.” எதற்கும் சரி என்று சொல்ல வேண்டுமானால் “அப்படியே ஆகக்கடவது.” நைஜல் மாடு அசைபோடுவதைப்போல ஒவ்வொன்றையும் நிதானமாக மென்றார். மென்றதை விடவில்லை. ராத்திரி ஓட்டல் அறையில் கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பழகியதாக வெயிட்டர் வந்து சொன்னான். அறையில் ஜெபக்கூட்டம் நடக்கிறதோ என்று பயந்து, அவன் கதவைத் தட்டாமலே காப்பியை வைத்துவிட்டுப் போனானாம்.

வைகாசிக் கடைசியில் ஒரு மத்தியானம், நைஜல் ஜெட்டியில் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார். கப்பல் காத்திருந்தது. ஆட்கள் வெற்றிலையும் வெட்டிப்பேச்சுமாக நிழலில் கிடந்தார்கள். பெனிஸ்டன் கொஞ்சம் தள்ளி நின்று, கூப்பிடப்போகிறார்கள் என்று காத்திருந்தான்.

“பிரியமானவர்களே!” என்றார் நைஜல். அந்தத் தாடிக்குள்ளிருந்து ஆர்மோனியத்தின் கீழ்க்கட்டை போல ஒரு குரல் வந்தது. “பொழுது சாய்வதற்கு முன்னே இந்த இறக்கையைக் கப்பலில் ஏற்றுவோமாக. ஒருவனும் சோர்ந்துபோகாதிருப்பானாக. உங்கள் கைகளின் பிரயாசம் வீணாய்ப் போவதில்லை.”



ஜேசுபாதம் எழுந்தார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பின்னால் யாரோ “ஆமென்” என்றான். பிச்சையா ஆலந்தலைப் பக்கத்தில் உள்ள தன் குலசாமியை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அத்தனை பேரும் சத்தமில்லாமல் கயிற்றுக்குப் போனார்கள். கெட்டவார்த்தை ஒன்று இல்லை. இறக்கைகள், பூசைக்குப் போகிற பிள்ளைகள்போல வரிசையாக மேலே போயின. சாயங்காலம் கப்பல் கிளம்பியபோது வெயில் இன்னும் மிச்சம் இருந்தது.

பெனிஸ்டன் தமிழைச் சரியாகக் கணக்குப் போட்டிருந்தான். ஊரைத்தான் மறந்துவிட்டான். பனைக்கு நடுவிலும் கடலுக்கு முன்னாலும் கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழே தொட்டில் கட்டி வளர்ந்த ஊர் இது. கோயில் எதுவானாலும் பிரசங்கம் எல்லோர் காதிலும்தான் விழும். இந்தத் தமிழை யாரும் பேசுவதில்லை என்பது நிஜம். ஆனால் யாருக்கு இது புரியாது? அதுமட்டுமில்லை, இந்தத் தமிழ் காதில் பட்டால் கால் தானாக ஒடுங்கும், கை தானாகக் கூடும். மறுத்துப் பேச அதில் யாருக்கும் பழக்கமில்லை.

அதற்கப்புறம் நைஜலைப் பிடிக்க முடியவில்லை. பிச்சையா புது பைக் வாங்கி, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, சாவியை நைஜல் கையில் கொடுத்து வாங்கினான். “நீ சறுக்காமலும் சாயாமலும் ஓடக்கடவாய்” என்று நைஜல் பைக்கைப் பார்த்துச் சொன்னார். இன்னொருத்தன் மகளின் பரீட்சை ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்தான். நெய்னா காக்கா, “நல்ல மனுசன், நம்மூரு லெப்பை ஓதுத மாதிரி நெஞ்சுக்குள்ள போவுது” என்று சர்டிபிகேட் கொடுத்தார். டீக்கடைக்காரர்கூட, “பிரியமானவரே, ஒரு தேநீர் தாரும்” என்று கேட்டபோது, தன் ஆங்கிலத்தை வாய்க்குள்ளேயே முழுங்கிவிட்டு, இரண்டு கையாலும் டம்ளரைக் கொடுத்தார்.

சிவப்பிரகாஷ் கூப்பிட்டார். இந்தத் தடவை முறுக்கோடு மக்ரூனும் இருந்தது. 

“பிரமாதம் பெனிஸ்டன். வேல பறக்குதுலா. ஒங்களத்தான் பாராட்டணும்.” அவர் ஒரு மக்ரூனைக் கையில் திணித்தார். “நீங்க பழையபடி டைப்பிங் செக்சனுக்கு வந்துட்டா, ஏசிக்குக் கீழ சீட்டு போட்டுத் தாரேன். என்ன சொல்லுதிய?”

மக்ரூன் நாக்கில் கரைந்தது. விசிட்டிங் கார்டும் கரைவதுபோல் இருந்தது. டைப்பிங் செக்சனைப் பற்றி ஜெப்ஸியிடம் எப்படிச் சொல்வது? அந்தக் கார்டை அவள் எந்தக் கையால் பையிலிருந்து எடுப்பாள்?

சொல்ல வாய் வராமல் ஒரு வாரம் போனது. அதற்குள் நைஜல் தானாகவே ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். ஜெப்ஸி சாத்தான்குளத்துக்காரி, பள்ளிக்கூட டீச்சர். சீலா மீன் குழம்பு வைத்து, வெள்ளைக்காரருக்குக் காரம் ஆகாது என்று தனியாக ஒரு பொரியலும் பண்ணி, மூன்று நாளாகத் தன் ஆங்கிலத்தைத் துடைத்து வைத்திருந்தாள். நைஜல் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“இந்த இல்லத்தார் எல்லாருக்கும் என் வாழ்த்துதல் உண்டாவதாக” என்றார்.

ஜெப்ஸி ‘வெல்கம் சார்’ என்பதற்குத் திறந்த வாயை மூடவில்லை.

சாப்பிடும்போது, “அம்மணி, இந்தக் குழம்பு என் உள்ளத்தைக் குளிரப்பண்ணுகிறது. ஆயினும் என் நாவு அக்கினியாய் எரிகிறது. பருகுவதற்குச் சிறிது தண்ணீர் தாரும்” என்றார். ஜெப்ஸி தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லி அடுக்களைக்குள் ஓடினாள். ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். பின்னால் வந்த பெனிஸ்டனிடம், முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏங்க, அந்த மனுசனுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கிய? கன்வென்சன் பிரசங்கியாரு வீட்டு விசிட்டுக்கு வந்த மாதிரில்லா இருக்கு!”

“சுத்தத் தமிழு.”

“சுத்தத் தமிழா? எங்க தாத்தா அடக்கத்துல கேட்டது இந்தத் தமிழு. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் கேக்கேன்.” சிரிப்பு மெல்ல வடிந்தது. டீச்சர் கண்ணால் அவனைப் பார்த்தாள். “நீங்க மறந்து சொல்லிக் குடுத்த மாதிரி தெரியலியே. அவருக்கு யாராவது சாதாரணமாப் பேசுனா விளங்குமா?”

பெனிஸ்டன் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அந்தக் கேள்வி அவனோடு ஜெட்டி வரைக்கும் வந்தது.

ஏனென்றால் அதுவரை யாரும் கவனிக்காத ஒன்று அது. நைஜல் பேசுவார், ஆட்கள் செய்வார்கள். ஆட்கள் என்ன பேசினாலும் நைஜல் புன்னகையோடு கையை உயர்த்தி, “அப்படியே ஆகக்கடவது” என்பார். பிரசங்கியாரிடம் நாம் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும் என்று யார் எதிர்பார்க்கிறார்கள்?

ஆடிக் கடைசியில் காற்று வெறிபிடித்து அடித்தது. அன்று கடைசி இறக்கை. கிரேன் தூக்கிவிட்டது; அது ஒரு தெரு நீளத்துக்குத் தலைக்கு மேலே தொங்கியது. இரண்டு முனையிலும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து அது திரும்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைஜல் நடுவில் நின்று மேலே பார்த்தார். திடீரென்று காற்று திசை மாறியது. வால் பக்கத்துக் கயிறு ஆட்களின் கையை உரித்துக்கொண்டு ஓடியது.

“சார்! வாலு திரும்புது!” ஜேசுபாதம் தொண்டை கிழியக் கத்தினார். “அங்கன நிக்காதிய! பொறத்தால வாங்க! ஏ சார், வெரசா வாங்க!”

நைஜல் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். கையை உயர்த்தினார். “அப்படியே ஆகக்கடவது” என்றார்.

பிச்சையாவும் கத்தினான். நெய்னா காக்கா மேலிருந்து ஹாரனை அழுத்தினார். எல்லோரும் இவ்வளவு உற்சாகமாக இருப்பதைக் கண்டு நைஜல் இரண்டாவது கையையும் உயர்த்தினார். பெனிஸ்டன் ஓடினான். ஓடிக்கொண்டே, “சார்! மூவ் பேக் சார்! ரன்!” என்று அலறினான். நைஜல் அவனைப் பார்க்கக்கூட இல்லை. ஆள்காட்டி விரலை மட்டும் இடமும் வலமும் ஆட்டினார். ஆங்கிலம் கூடாது. சட்டம் சட்டம்தான்.

இறக்கையின் நிழல் அவர் தொப்பியின் மேல் ஏறியது.

பெனிஸ்டன் நின்றான். அப்பாவின் தொண்டை முழுவதும் அவனுக்குள் திறந்துகொண்டது.

“பிரியமானவரே, விலகி ஓடும்! இதோ, இறக்கை உமது சிரசின்மேல் வருகிறது! தாமதியாமல் பின்னிட்டு ஓடும்!”

அந்தப் பெருத்த உடம்பு அப்படிப் பாயும் என்று யாரும் நினைத்ததில்லை. நைஜல் பாய்ந்த இடத்தை இறக்கையின் வால் விசிறிக்கொண்டு போனது. தொப்பி கடலில் விழுந்தது. ஆட்கள் கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்துக் கட்டினார்கள். கீழே கிடந்த நைஜல் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, ஜேசுபாதத்தைப் பார்த்தார், பெனிஸ்டனைப் பார்த்தார். அந்தப் பார்வை போய்வந்த நேரத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டதைப் பெனிஸ்டன் புருவத்தில் படித்தான். புருவம் படிப்பதில் அவனுக்குப் பழைய பயிற்சி இருந்தது.

கன்டெய்னர் ஆபீஸுக்குள் போய் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“அவர்கள் பேசுகிறது எந்தப் பாஷை?” என்றார் நைஜல்.

“தமிழ்.”

“நான் பேசுகிறது?”

“அதுவும் தமிழ்தான், சார்.”

“இந்தப் பட்டணத்தில் என்னைப்போல் பேசுகிறவர்கள் யார்?”

பெனிஸ்டன் தலையைக் குனிந்துகொண்டான். “நீர் ஒருவரே” என்றான். அவனையறியாமல் அதுவும் அந்தத் தமிழிலேயே வந்தது.

 பிறகு நைஜலின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பெனிஸ்டன் நினைத்தான். சிரிக்கிறார். தண்ணீர் குடித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு லண்டனிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். நாங்கள் பேசுவது ஒரு வார்த்தை அவருக்கு விளங்காது. நாங்களும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தோம். நாங்கள் சொல்லிக் கொடுத்ததை அவர் தன் மேலதிகாரியின் பெண்டாட்டியிடம் பேசினார். அவரைப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. அதைவிட உன் காரியம் கண்ணியமானது. ஆனால் உன்னால் இன்று என் தலை போயிருக்கும்.

“ஆமா சார்.”

தன்னால்தான் அந்தத் தலை நின்றது என்று சொல்லிக்கொள்ளும் தைரியம் அவனுக்கு வரவில்லை. நைஜல் லேப்டாப்பைத் திறந்தார். ஹெட் ஆபீஸுக்கு எழுத வேண்டியது இன்றைக்குத்தான் என்றார். பெனிஸ்டன் எழுந்து நின்றான். டைப்பிங் செக்சனில் ஏசிக்குக் கீழே அந்த நாற்காலி இருந்தது. கண்ணை மூடினால் அதன் சக்கரம் கிறீச்சிடுவதுகூடக் கேட்டது.

“நான் உம்மை மன்னிக்கிறேன்” என்றார் நைஜல், தாடியைத் தடவிக்கொண்டு. “உமக்கு வேலை உண்டு. ஆனாலும் ஒரு நிபந்தனை. இன்றுமுதல் அவர்கள் சொல்வதில் ஒன்றையும் கூட்டாமலும் ஒன்றையும் குறைக்காமலும் எனக்குச் சொல்லக்கடவீர்.”

“இங்கிலீஷ்லயா சார்?”

“தமிழில்” என்றார் நைஜல். “என் தமிழில்.”

சிவப்பிரகாஷுக்கு ஹெட் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தபோது நம்ப முடியவில்லை. தமிழ் தெரிந்த மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரிந்த ஆட்கள் பேசுவதைச் சொல்ல ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் அவசியம் தேவை. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இந்தத் தடவை தனக்கே ஒரு முறுக்கு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நைஜல் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். பழையது கடலோடு போனதால், ஏரல் சந்தையில் பிச்சையா வாங்கிக் கொடுத்த பனையோலைத் தொப்பி. அவர் ஜெட்டியில் கால் வைத்ததும் ஜேசுபாதம் ஏதோ சொன்னார். கேங் முழுக்க வெடித்துச் சிரித்தது. நைஜல் பெனிஸ்டன் பக்கம் திரும்பினார். புருவம் மேலே போனது.

பெனிஸ்டன் ஜேசுபாதத்தைப் பார்த்தான். ‘அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்’ என்பது பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது. அதை முழுங்கினான். தொண்டையைச் செருமினான்.

“மேஸ்திரி உரைக்கிறதாவது: இதோ, நம்முடைய துரை நடந்து வருகிறார். அவருடைய தொப்பி, பனையேறி மரத்தடியில் கவிழ்த்து வைத்த பதநீர்க் கலயத்துக்கு ஒப்பாயிருக்கிறது. அவருடைய தாடியோ, அதை அரிக்க வைத்த பன்னாடைக்கு ஒப்பாயிருக்கிறது. பனையேறி வந்து தூக்கிக்கொண்டு போகாதபடிக்கு அவர் எச்சரிக்கையாயிருப்பாராக.”

 ஜேசுபாதத்தின் முகம் வெளுத்துவிட்டது. “ஏலே சண்டாளா” என்றார் மெல்ல, “அப்படியேவாலே சொல்லிட்ட?”

நைஜல் தொப்பியைக் கழற்றினார். அதை உருட்டி உருட்டிப் பார்த்தார். தாடியையும் ஒரு கையால் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்தப் பெருத்த வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது அடங்குவதற்குள் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். கப்பலில் நின்றிருந்த மாலுமிகள் எட்டிப் பார்த்தார்கள். வாக்கிடாக்கியில் நெய்னா காக்கா, “என்னலே, என்னலே சொன்னான்? எனக்கும் சொல்லுங்கலே!” என்று கரகரத்துக்கொண்டே இருந்தார்.

“மேஸ்திரி அவர்களே” என்றார் நைஜல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மறுபடியும் உரைப்பீராக.”

ஜேசுபாதம் ஹெல்மெட்டைக் கழற்றப் போனவர், யோசித்து, கழற்றாமல் விட்டார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். பெனிஸ்டன் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினான்.